தக்காளி நாலு, நெத்திலி ஒரு கை... மண்ணூர்பேட்டையின் நள்ளிரவு மீன் ரசம்!

இரவு 11.30 மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோக்கள் மண்ணூர்பேட்டைக்குள் வருகின்றன. தோளில் டிபன் பாக்ஸ் பை, கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு, எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ். மெயின் ரோட்டில் பரோட்டாக் கல்லைச் சுரண்டிக் கழுவும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: இனிமேல் கடையில் எதுவும் கிடைக்காது.

சரி, ரூமில் என்ன இருக்கும்? காலையில் வடித்த சோறு கொஞ்சம். நாலு தக்காளி. பூண்டு, மிளகு, ஒரு உருண்டை புளி. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி. இது போதும். 20 நிமிடத்தில் கமகமவென்று ஒரு மீன் ரசம் வைத்துவிடலாம்.

ஆனால், பாட்டிலைக் கையில் எடுத்தவர் ஒரு நிமிடம் யோசிப்பார். மாடியில் ஹவுஸ் ஓனர் குடும்பம் தூங்குகிறது. கருவாட்டு வாசனை மாடிப்படி ஏறுமா, ஏறாதா?

மண்ணூர்பேட்டையில் வாடகைக்கு இருக்கும் பலருக்கு இது சமையல் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமல்ல. அடுத்த மாதமும் இதே வீட்டில் இருக்கலாமா என்பது சம்பந்தப்பட்ட கேள்வி.

எஸ்டேட் வளர்த்த ஊர்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கிறது மண்ணூர்பேட்டை. வடக்கே கொரட்டூர், தெற்கே முகப்பேர். ஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம்தான் இன்றைய பாடி. குரு பகவானுக்காக வியாழக்கிழமைதோறும் அங்கே கூட்டம் கூடும். கோயில் மணி ஒரு பக்கம் என்றால், ஆலைச் சங்கு இன்னொரு பக்கம்.

1960-களில் இந்த வட்டாரத்தின் முகமே மாறியது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா என்று வாகன உதிரி பாகத் தொழிற்சாலைகள் வரிசை கட்டின. அதே காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. லேத் பட்டறை, பிளாஸ்டிக் மோல்டிங், பிரஸ் ஷாப், ஆயத்த ஆடை என்று சிறு தொழில்கள் பெருகின. பிறகு ஐ.டி. கட்டடங்களும் எழுந்தன. 2011-ல் அம்பத்தூர் நகராட்சி, சென்னை மாநகராட்சியோடு இணைந்தது.

வேலை வந்த இடத்துக்கு ஆட்களும் வந்தார்கள். ராமநாதபுரம், தூத்துக்குடி, விழுப்புரம், கடலூர் என்று தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் ஒரு தலைமுறை. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று ரயிலேறி வந்தவர்கள் அடுத்த தலைமுறை. இவர்கள் எல்லோரையும் தாங்கிக்கொண்டவை மண்ணூர்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் இருக்கும் சின்னச் சின்ன போர்ஷன்கள். ஒரு ஹால், அதன் மூலையில் ஒரு மேடை, மேடையில் ஒரு ஸ்டவ். மூன்று பேர், சில வீடுகளில் ஐந்து பேர். ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவர் எழுந்து கிளம்புவார். பாய்கூட ஆறுவதில்லை.

இப்படிப்பட்ட அறையில் பிரிட்ஜ் இருப்பது அபூர்வம். அதனால் அலமாரியில் கெடாமல் இருப்பதுதான் அங்கே சாப்பாடு.

கடல் இல்லாத ஊருக்கு மீன் வரும் வழி

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இங்கிருந்து 15 கிலோமீட்டருக்கும் அதிகம். மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு வானகரம் மீன் மார்க்கெட் கொஞ்சம் கிட்டே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி இருப்பவர் போய் வாங்கி வரலாம். வார நாளில், அதுவும் ஷிப்ட் வேலைக்காரருக்குப் பச்சை மீன் என்பது பெரும்பாலும் நினைப்போடு சரி.

நினைத்தாலும் எல்லா நாளும் கிடைக்காது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் காலம் அது. நாட்டுப் படகுகள் கொண்டுவரும் கொஞ்ச நஞ்ச மீனுக்கு விலை ஏறிவிடும். மாதக் கடைசியில் கையில் இருக்கும் காசுக்கு அந்த விலை எட்டாது.

அப்போது கைகொடுப்பதுதான் கருவாடு. நெத்திலி, வாளை, காரப்பொடி, சென்னாக்குன்னி என்று விதம்விதமாக மளிகைக் கடை வாசலிலும் வாரச் சந்தையிலும் கூடையில் வரும். கருவாடு விற்கும் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஒரு கை அள்ளி, சொடக்கென்று ஒன்றை ஒடித்துக் காட்டி, "நல்லா காஞ்சது தம்பி, ஆறு மாசம் ஆனாலும் அப்படியே இருக்கும்" என்பார்கள்.

இது நேற்று வந்த தொழில் அல்ல. சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் பாடல்களிலேயே, மணலில் காயும் மீனைப் பறவைகள் கொத்தாமல் காவல் இருக்கும் பெண்கள் வருகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் உப்புக்கு வரி போட்டபோது மீனை உலர்த்துவதற்கே சிக்கல் வந்தது. அதனால் சென்னை மாகாணக் கடற்கரையில் அரசே மீன் பதனிடும் முற்றங்களை அமைத்து, அங்கே மட்டும் வரியில்லாமல் உப்பு கொடுத்தது. கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர்களுக்கு மீன் என்றாலே நெடுங்காலமாகக் கருவாடுதான். மண்ணூர்பேட்டையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

'டு-லெட்' போர்டுக்குக் கீழே ஒரு வரி

வீடு தேடி இந்தப் பக்கம் அலைந்தவர்களுக்குத் தெரியும். 'டு-லெட்' என்று எழுதிய அட்டைக்குக் கீழே, சில இடங்களில் இன்னொரு வரி இருக்கும்: 'சைவம் மட்டும்.' போர்டில் எழுதாதவர்கள் நேரில் கேட்பார்கள். "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்பது முதல் கேள்வி. "சமைப்போம்" என்று சொன்னால், சற்று இடைவெளி விட்டு இரண்டாவது கேள்வி வரும்: "கருவாடு?"

கோழிக்கு ஒப்புக்கொள்பவர்கள்கூட கருவாட்டுக்குத் தயங்குவார்கள். இதில் முழுக்க ஓனர்களைக் குறை சொல்லவும் முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய போர்ஷன்கள். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் நாலு வீட்டுத் துணிக்கும் வாசம் ஏறும். அதே நேரம், அந்த ஒரு வார்த்தைக்காக வீடு கிடைக்காமல் போகிறவரின் வருத்தமும் சின்னது அல்ல. அம்மா கையால் காயவைத்துக் கொடுத்தனுப்பியதை ஏதோ தப்பான பொருளைப்போல மறைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் புகையோடு புகையாக நின்று சமைத்த அனுபவம் பலருக்கு உண்டு.

வறுவலைவிட ரசத்துக்கு இங்கே மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். ருசி ஒரு பக்கம் இருக்கட்டும். வாசம் அவ்வளவாகத் தெருவுக்குப் போகாது. இதற்கு அறிவியல் விளக்கமும் இருக்கிறது.

புளிப்பு செய்யும் வேலை

கடல் மீனின் உடலில் டிரைமெதிலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. அதற்குத் தனியாக வாசம் கிடையாது. மீன் இறந்த பிறகு, பாக்டீரியாக்கள் அதை உடைத்து டிரைமெதிலமைன் ஆக்குகின்றன. மூக்கைத் துளைக்கும் 'மீன் வாடை' பெரும்பாலும் இதுதான். இது எளிதில் ஆவியாகும். வெறும் கடாயிலோ எண்ணெயிலோ சூடு ஏற ஏற, காற்றில் கலந்து பரவும்.

ஆனால், இது காரத்தன்மை உள்ள பொருள். புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற அமிலத்தைச் சந்தித்தால் உப்பாக மாறிவிடும். உப்பானால் ஆவியாகாது, தண்ணீரிலேயே தங்கிவிடும். நம் வீடுகளில் மீன் கழுவும் தண்ணீரில் புளியைக் கரைப்பதும், மீன் குழம்புக்குப் புளி இல்லாமல் முடியாது என்று பாட்டிகள் அடித்துச் சொல்வதும் சும்மா இல்லை.

ஆக, கருவாட்டை வறுக்காமல் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, புளிப்பான சாற்றில் மூடிபோட்டுக் கொதிக்கவிட்டால், வாசத்தில் பெரும் பங்கு கழுவிய தண்ணீரோடும், மிச்சம் ரசத்தோடும் போய்விடும். ஒரு சின்ன அறையில் ஒரு பர்னரில் செய்ய இதைவிடத் தோதான கருவாட்டுச் சமையல் வேறில்லை.

20 நிமிட நெத்திலி ரசம்

மூன்று பேருக்குப் போதுமான அளவு இது.

தேவையானவை: தலை கிள்ளிய நெத்திலிக் கருவாடு ஒரு கைப்பிடி (சுமார் 50 கிராம்), நன்கு பழுத்த தக்காளி 4, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 2, மஞ்சள் தூள் கால் டீஸ்பூன், புளி ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு, நல்லெண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், வெந்தயம் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை ஒரு ஆர்க்கு, இருந்தால் கொத்தமல்லித் தழை. தண்ணீர் 3 டம்ளர். உப்பு கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

செய்முறை: முதலில் தண்ணீரைச் சுடவைத்து, நெத்திலி மூழ்கும்படி ஊற்றி, 10 நிமிடம் மூடிவையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் புளியை ஊறப்போடுங்கள். அது ஊறுவதற்குள் மிளகு, சீரகம், 3 பல் பூண்டு ஆகியவற்றைக் கொரகொரப்பாக இடித்துக்கொள்ளலாம். மிக்ஸி தேவையில்லை. சின்ன உரல் இல்லாதவர்கள் டம்ளர் அடியால் நசுக்கினாலே போதும். தக்காளியைக் கையாலேயே நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள்.

ஊறிய நெத்திலியின் வயிற்றை விரலால் கீறிச் சுத்தம் செய்து, மணல் போக மூன்று முறை அலசுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும்.

பாத்திரத்தில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கிள்ளிய மிளகாய், கறிவேப்பிலை தாளியுங்கள். வெங்காயமும் மீதிப் பூண்டும் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல ஆனதும் தக்காளியும் மஞ்சள் தூளும் போட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை 5 நிமிடம் வதக்குங்கள். பிறகு புளிக்கரைசலும் தண்ணீரும் ஊற்றுங்கள். தண்ணீருக்குப் பதில் அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் ஊற்றினால் ரசம் லேசாகக் கெட்டிப்பட்டு சூப் மாதிரி வரும்.

கொதி வந்ததும் நெத்திலியைப் போட்டு, மூடி, சிறு தீயில் 5 முதல் 7 நிமிடம் வையுங்கள். இடித்த மிளகு, சீரகத்தைத் தூவி, நுரை கட்டியதும் இறக்குங்கள். இப்போதுதான் உப்பு பார்க்க வேண்டும். கருவாட்டில் இருக்கும் உப்பே பெரும்பாலும் போதும். முன்னாடியே உப்பு போட்டுவிட்டு முழிப்பவர்கள்தான் அதிகம். அப்படி ஆகிவிட்டால், இன்னொரு தக்காளியும் அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள்.

சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடலாம். டம்ளரில் ஊற்றி அப்படியே குடிக்கலாம். சளி பிடித்த ராத்திரியில் இரண்டாவது வழிதான் நல்லது.

கருவாடு வாங்கும்போது ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வெள்ளிபோல மினுங்க வேண்டும். மேலே இளஞ்சிவப்பாகப் படிந்திருந்தால் வாங்காதீர்கள். உப்பில் வளரும் பாக்டீரியாவின் வேலை அது. ஈரமில்லாத பாட்டிலில், இரண்டு காய்ந்த மிளகாயோடு போட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் வைத்து எடுத்தால் கெடாது. எவ்வளவு கழுவினாலும் கருவாட்டில் உப்பு அதிகம்தான். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

நாலு பொருளில் இவ்வளவு ருசி ஏன்?

இந்த ரசத்தில் தேங்காய் இல்லை, மசாலாத் தூள் இல்லை. இருந்தும் ஒரு வாய் குடித்ததும் நாக்கு முழுக்கப் படர்ந்து நிற்கும். அதன் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள்.

1908-ல் கிகுனே இக்கேடா என்ற வேதியியலாளர், கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றில் சேராத அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கோடாமா, உலர்த்திய சூரை மீனில் இருக்கும் ருசிக்குக் காரணம் இனோசினேட் என்றார். இவை இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ருசி கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பல மடங்காகிறது என்பது 1950-களின் இறுதியில் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

பழுத்த தக்காளியில் குளுட்டமேட் நிறைய. உலர்ந்த மீனில் இனோசினேட் நிறைய. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் நடப்பது அதேதான். ஜப்பானியரின் உலர்ந்த சூரைக்கு நம் பக்கத்துச் சொந்தம், லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் செய்யப்படும் மாசிக் கருவாடு. தூத்துக்குடிக்காரர்கள் வீட்டிலும் இலங்கைத் தமிழர் வீட்டிலும் அது எப்போதும் இருக்கும். நெத்திலி தீர்ந்துவிட்டதா? மாசியை ஒரு ஸ்பூன் இடித்துப் போட்டால் அதுவும் ரசமாகும். இலங்கையில் அலமாரிக்கு அலமாரி இருக்கும் டின் மீனிலும் செய்யலாம். அது ஏற்கெனவே வெந்தது என்பதால் கடைசி 2 நிமிடத்தில் போட்டால் போதும்.

தக்காளி மட்டும் இந்தக் கதையில் புதிய விருந்தாளி. தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியர்கள் மூலம் இந்தியாவுக்கு வந்தது. நம்மூரில் 'தக்காளி' என்ற பெயர் மணத்தக்காளி போன்ற செடிகளுக்கு ஏற்கெனவே இருந்ததால், வந்ததைச் 'சீமைத் தக்காளி' என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்து தக்காளி மட்டும் நின்றது. இன்றைக்கு அது இல்லாமல் சமையலே இல்லை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் தமிழக அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அப்போது நாலு தக்காளி ரசம் இரண்டு தக்காளி ரசமாகி, புளி கொஞ்சம் கூடியது.

சுகுவா, தெங்கா, மியோல்ச்சி

மண்ணூர்பேட்டையின் ஒரு காம்பவுண்டில் நெத்திலி ரசம் கொதித்தால், பக்கத்து போர்ஷன் ஒடிசா பையன் எட்டிப் பார்ப்பான். "அண்ணா, சுகுவா?" என்பான். ஒடியா மொழியில் கருவாட்டுக்கு அதுதான் பெயர். அங்கே பழைய சோற்றுக்குப் 'பகாளா' என்று பேர். அதற்குத் தொட்டுக்கொள்ளச் சுட்ட சுகுவாவைவிடச் சிறந்தது இல்லை என்பார்கள். பழைய சோறும் கருவாடும் என்று சொல்லிப் பாருங்கள், ராமநாதபுரத்துக்காரருக்கும் கண் விரியும். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி சரியாக இல்லாவிட்டாலும், சாப்பாட்டில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வங்காளிக்கு இது 'ஷுட்கி'. அஸ்ஸாமியரிடம் இந்த ரசத்தைக் கொடுத்தால் 'தெங்கா' என்று சொல்லக்கூடும். தெங்கா என்றால் புளிப்பு. ஆற்று மீனைத் தக்காளியோ எலுமிச்சையோ சேர்த்து, நீர்க்க, மசாலா அதிகமில்லாமல் வைக்கும் 'மாசோர் தெங்கா' அவர்கள் வீட்டு அன்றாடச் சாப்பாடு. வெயில் காலத்தில் அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டால்தான் வயிறு குளிரும் என்பார்கள்.

இன்னும் தூரம் போனால் கொரியா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய பிறகு சென்னையில் கொரியக் குடும்பங்கள் கணிசமாகக் குடியேறின. அவர்கள் சமையலில் பல சூப்புகளுக்கு அடிப்படையே உலர்ந்த நெத்திலி வகை மீனைக் கொதிக்கவைத்த சாறுதான். அதை 'மியோல்ச்சி' என்பார்கள். அம்பத்தூரில் அவர்கள் காருக்கு உதிரி பாகம் செய்யும் பையனும், அந்த காரை வடிவமைத்தவரும் ராத்திரி ஒரே வகை மீனில் சூப் குடிக்கக்கூடும். அது இரண்டு பேருக்குமே தெரியாது.

நம்மூர் மிளகுத் தண்ணியை ஆங்கிலேயர்கள் 'முல்லிகட்டானி' என்ற சூப்பாக்கி லண்டன்வரை கொண்டுபோனார்கள். அதற்கு ஓட்டல் மெனு கார்டில் இடம் கிடைத்தது. கருவாட்டு ரசத்துக்கு அது கிடைக்கவில்லை. வாடகை வீட்டிலேயே அதற்கு இடம் கிடைப்பது இன்னும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கிறது.

தண்ணீர் சூழ்ந்த நாட்கள்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே நின்று கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. கொரட்டூர் வட்டாரத் தெருக்களிலும் தண்ணீர் தேங்கியது. மின்சாரம் போனது. பல இடங்களில் அது திரும்பி வர நாட்கள் ஆயின. பால் பாக்கெட்டுக்கு நகரமே அலைந்தது. பிரிட்ஜில் இருந்ததெல்லாம் வீணாயிற்று.

அப்படிப்பட்ட நாட்களில்தான் அலமாரியின் மதிப்பு தெரியும். பிரிட்ஜையே நம்பியிருக்கும் வீட்டுக்கும், பிரிட்ஜே இல்லாத வீட்டுக்கும் நடுவில் நிலைமை தலைகீழாகிவிடும். அரிசி, புளி, மிளகு, பூண்டு, ஒரு பாட்டில் கருவாடு இருக்கிறவர் கையில் கேஸும் இருந்துவிட்டால், அவர் வீட்டில் அடுப்பு எரியும். வேலையும் இல்லாமல், அன்றைய கூலியும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சூடான ஒரு வாய் ரசச் சோறு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெள்ளத்தைப் பார்த்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் மாடி வீடு, கீழ் வீடு என்ற கணக்கும் கொஞ்சம் தளரும். மாடியில் இருப்பவர்களுக்கும் பசிக்கும்தானே!

மழைக்காலம் வருவதற்கு முன் டார்ச் லைட், மெழுகுவத்தி, மாத்திரை என்று பட்டியல் போடுகிறவர்கள், அதில் ஒரு கால் கிலோ கருவாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். நெத்திலிக்குப் பதில் ஒரு கை வேகவைத்த துவரம்பருப்பு போட்டால் அதே ரசம் அவர்கள் வீட்டு ரசமாகிவிடும்.

கதவு திறந்த சமையல்

திரும்பவும் அந்த இரவு 11.30 மணி அறைக்குப் போகலாம். நெத்திலி வெந்நீரில் ஊறுகிறது. தக்காளி பிசைந்தாயிற்று. கதவிடுக்கில் ஈரத்துண்டு வைக்கலாமா என்ற யோசனை மட்டும் பாக்கி.

இந்த ஊரின் பழைய வாடகைக்காரர்கள், புதிதாக வருகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்வார்கள். ஒன்று, வீடு பார்க்கும்போதே கருவாடு சமைப்போம் என்று சொல்லிவிடு. ஒளித்தால் என்றைக்காவது தெரியும். இரண்டு, வெள்ளி, செவ்வாயும் புரட்டாசியும் பார்த்து நடந்துகொள். மூன்று, வறுக்காதே, ரசம் வை. கழுவிய தண்ணீரைத் தெருவில் கொட்டாமல் சாக்கடையில் ஊற்றி, மேலே இரண்டு சொம்பு தண்ணீர் விடு. நான்காவதுதான் முக்கியம்: ஞாயிற்றுக்கிழமை வைக்கும்போது ஒரு கிண்ணம் மாடிக்குக் கொடு.

நான்காவதை எல்லா வீட்டிலும் செய்ய முடியாது. சைவ வீடாக இருந்தால் வாசனை வராமல் பார்த்துக்கொள்வதே மரியாதை. அதே சமயம், கிண்ணம் போன வீடுகளில் நிலைமை மாறியதும் உண்டு. காலியான கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, மாடி வீட்டம்மா அதில் நாலு தக்காளியோ ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுக் கொடுப்பார். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம்மூரில் இல்லை.

"என்ன தம்பி, இன்னைக்குக் கருவாடா?"

"ஆமாம்மா. ரசம்தான். வாசம் ரொம்ப வருதுங்களா?"

"வருது, வருது. மிளகு கொஞ்சம் தூக்கலா போடு. ஐயாவுக்குச் சளி."

அப்படியொரு பேச்சு நடந்துவிட்ட வீட்டில், அடுத்த முறை ஈரத்துண்டு கொடியிலேயே காயும். நெத்திலியை அலசும்போது ஜன்னல் திறந்திருக்கும். தாளிக்கும்போது கதவும்.